பேஸ்காரன் பேசுகிறேன்

போன வாரம் எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு தீர்மானம் கிட்டத்தட்ட நிறைவேறிவிட்டது. வரும் பொங்கல் விழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டாம், மைனஸ் ஒன் ட்ராக் போட்டுப் பாடிக்கொள்ளலாம் என்று. ஒத்திகைக்கு ஆள் சேருவதில்லை, ஹால் வாடகை ஏறிவிட்டது, சவுண்டு சர்வீஸ்காரர் கூடக் கேட்கிறார் என்று காரணங்கள் வரிசையாக வந்தன. எல்லாம் நியாயம்தான். கடைசியில் ஒரு நண்பர்தான் மனசில் இருந்ததைப் போட்டு உடைத்தார்: "மெயினா அந்த பேஸ் சத்தம்தான் சார் தாங்கல. எங்கப்பா பாதியில எழுந்து வெளிய போயிட்டாரு."

அந்த பேஸ் சத்தம் அடியேன்தான் :-)

முதலில் கோபம் வந்தது. பதில் எழுத ஆரம்பித்து நாலு முறை அழித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்ததில், அவர் சொன்னது முழுக்க உண்மை, ஆனால் அதற்கு அவர்கள் எடுத்த முடிவு முழுக்கத் தப்பு என்று பட்டது. வாட்ஸப்பில் இதை விளக்கினால் நடுவில் யாராவது குட்மார்னிங் படம் போட்டுவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புனேக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வரி. விஷ்ராந்த்வாடி என்பது ஆளந்தி போகிற சாலையில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பகுதி. ஞானேஸ்வரர் பல்லக்கு ஆளந்தியிலிருந்து புனேக்கு வருவது எங்கள் வழியாகத்தான். லோஹெகாவில் விமானப்படைத் தளம் இருப்பதால் சுகோய் விமானம் தலைக்கு மேல் போனால் ஒத்திகையை நிறுத்தி, ஜன்னல் கண்ணாடி அடங்கியபிறகு விட்ட இடத்தில் தொடர்வோம். இங்கேயும் தானோரி, திங்ரே நகர் பக்கமும் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு விழா நடத்துகிறோம்.

குழு பெரிய குழுவெல்லாம் இல்லை. கீபோர்டு வாசிப்பவர் வங்கி ஊழியர். தபலா சார் கட்கி பக்கம் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர். ரிதம் பேட் ஒரு கல்லூரிப் பையன். லீட் கிடார் ஒரு மலையாளி நண்பர், ராஜா பாட்டு என்றால் நம்மைவிட அவருக்குத்தான் முதலில் கண் கலங்கும். நான் பேஸ் கிடார். ஊரில் கல்லூரி நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ்காரர் வராத ஒரு நாள் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அன்று மாட்டியவன்தான், இன்னும் இறங்கவில்லை.

போன தீபாவளி விழாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் குழுவில் ஒரு மாமி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். வருஷத்துக்கு ஒரே ஒரு பாட்டு பாடுவார், அதற்கு இரண்டு மாதம் தயார் செய்வார். ஆறு கட்டை, அதாவது கீபோர்டில் ஏ. இந்த வயசில் ஆறு கட்டை என்பதே பெரிய விஷயம். பல்லவி அருமையாகப் போனது. அனுபல்லவி முடிந்து திரும்பும்போது முகம் மாறியது. காதைப் பொத்திக்கொண்டு பாடிப் பார்த்தார். சரணத்தில் ஒரு இடத்தில் சுருதி விலகி, திரும்பப் பிடிக்க முடியாமல், மைக்கைத் தாழ்த்திவிட்டு ஒரு சிரிப்பு சிரித்துக் கீழே இறங்கிவிட்டார். எல்லோரும் கை தட்டினோம். அந்தக் கைதட்டல் இருக்கிறதே, அது தட்டாமல் இருப்பதைவிட மோசம்.

மறுநாள் போனில், "எனக்கு சுருதியே கேக்கலைப்பா. ஒரே கும்முனு இருந்தது. இனிமே நான் கேட்டுண்டு உக்காந்துக்கறேன்" என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சாஃப்ட்வேர்காரன் புத்தி சும்மா இருக்குமா. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்குப் போய் டேப் வைத்து அளந்தேன். அகலம் 31 அடி, இரண்டு பக்கமும் வெறும் சுவர். பேஸ் கிடாரில் மூன்றாவது தந்தியைத் திறந்து மீட்டினால் வருகிற ஏ ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்று வைத்து வகுத்தால் அந்த அலையின் நீளம் சுமார் இருபதரை அடி. அதில் ஒன்றரை மடங்கு என்ன? கிட்டத்தட்ட 31 அடி. இரண்டு சுவர்களுக்கும் நடுவே அந்த ஒரு ஸ்வரம் மட்டும் போய்த் திரும்பி, தன்மேல் தானே ஏறி வீங்கும். சில இடத்தில் காணாமல் போகும், சுவரோரம் உட்கார்ந்தால் நெஞ்சில் இடிக்கும். நண்பரின் அப்பா உட்கார்ந்திருந்தது சுவரோரம்தான்.

மாமிக்கு ஆதார சட்ஜமே ஏ. ஆக, பாட்டு வீட்டுக்குத் திரும்புகிற ஒவ்வொரு முறையும் நான் அடித்தது அந்த ஸ்வரத்தை.

ஹாலைக் குற்றம் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்த வீக்கத்துக்குத் தீனி போட்டது என் கை, என் கிடார், மேடையில் என் பழக்கம். மூன்றிலும் தப்பு. இதை நான் ஒப்புக்கொள்வது, பேஸ் வாசிக்கிற மற்ற தம்பிகளுக்கும், வாசிக்க ஆசைப்படும் பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கும் பயன்படட்டும் என்றுதான்.

அதற்கு முன்னால், பேஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு. சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. யாரும் பெருங்காயம் பிரமாதம் என்று சொல்லிச் சாப்பிடுவதில்லை. கூடிப்போனால் வாயில் வைக்க முடியாது, இல்லாமல் போனால் ஏதோ குறைகிறதே என்று மட்டும் தோன்றும். மிருதங்கத்தின் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புகிறார்களே, எங்கள் வாசல் வழியே போகும் வார்க்கரிகளின் பக்வாஜில் கோதுமை மாவை அப்புகிறார்களே, அதெல்லாம் எதற்கு? இந்தக் கீழ் நாதத்துக்குத்தான். கிடார் வெளிநாட்டுச் சரக்காக இருக்கலாம், அதன் தேவை நமக்குப் புதிதில்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் மூடுபனி (1980) படத்தில் பிரதாப் போத்தன் கையில் கிடாரோடு உட்கார்ந்திருக்க, யேசுதாஸ் குரலில் வருகிற பாட்டைப் போடுங்கள். இளையராஜாவின் நூறாவது படம் அது. நல்ல ஹெட்போனில், பாடுகிறவரை மறந்துவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் கேளுங்கள். அது தாளம் மட்டும் போடவில்லை, தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் மௌன ராகத்தில் (1986) எஸ்.பி.பியும் ஜானகியும் பாடுகிற டூயட். ராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மேற்கத்திய முறையில் நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர் என்பது எல்லோருக்கும் தெரியும். பேஸுக்கும் அப்படித்தான். அவர் குழுவில் பல்லாண்டுகளாக அதை வாசித்தவர் சசிதரன். ரஹ்மான் பாட்டுகளில் நாம் கேட்டு வளர்ந்த பேஸில் பெரும்பகுதி கீத் பீட்டர்ஸ் வாசித்தது. இந்த இரண்டு பெயர்களும் நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேசட் உறையில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும், இவர்கள் பெயர் இருக்காது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். மோடவுன் கம்பெனியின் அறுபதுகளின் ஹிட் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பெயர், 1971ல் மார்வின் கேயின் ஆல்பம் வரும்வரை உறைகளில் அச்சாகவே இல்லை என்று சொல்லலாம். அவரைப் பற்றி இங்கே சொல்லக் காரணம் வேறு. ஜேமர்சன் வலது கையில் ஒரே ஒரு விரலால், ஆள்காட்டி விரலால், வாசித்தவர். கிடார் 1962ம் வருஷத்து ஃபெண்டர் ப்ரிசிஷன். நாலே தந்தி, வழவழப்பான ஃப்ளாட்வவுண்டு தந்தி. அதையும் அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார்.

இப்போது என் கதைக்கு வாருங்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்புதான் ஐந்து தந்தி ஆக்டிவ் பேஸ் ஒன்றை மாதத் தவணையில் வாங்கியிருந்தேன். வீட்டில் சொன்ன விலை வேறு (ஹி ஹி). அதுவரை என்னிடம் இருந்தது 2006ல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய யமஹா, நாலு தந்தி, உள்ளே பேட்டரி எதுவும் கிடையாது. அதில் என்ன குறை என்று கேட்டால் பதில் இல்லை. யூட்யூபில் எல்லோரும் ஐந்து தந்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஐந்தாவது தந்தியின் அடி ஸ்வரம் 31 ஹெர்ட்ஸ். எங்கள் சவுண்டு சர்வீஸ்காரரின் பெட்டிக்கு அதைச் சொல்லத் தெரியாது. உறுமும், அவ்வளவுதான். நாலு தந்தியின் அடி ஸ்வரமே 41 ஹெர்ட்ஸ், நம் விழாப் பாட்டுகளுக்கு அதுவே தாராளம். ஐந்தாவது தந்தியால் கிடைத்த ஒரே பலன், தெரியாமல் அதிர்ந்துகொண்டே இருக்க இன்னொரு தந்தி. இது கையின் விஷயத்துக்கு வருகிறது.

பேஸ் கற்றுக்கொள்ள ஆரம்பிக்கும் எல்லோரும் ஸ்வரத்தை எப்படி எழுப்புவது என்றுதான் கற்கிறோம். எப்படி அடக்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட வேண்டும், மீட்டிய விரல் அடுத்த தடித்த தந்தியின்மேல் போய்ச் சாய வேண்டும். அப்படிச் சாய்ந்தால் அந்தத் தந்தி தானாக அடங்கிவிடும். கட்டைவிரலைப் பிக்கப் மேல் ஆணி அடித்தமாதிரி வைக்காமல், மெல்லிய தந்திக்குப் போகும்போது கூடவே இறக்கித் தடித்த தந்திகள்மேல் படுக்க வைக்க வேண்டும். இடது கையில் அழுத்தாத விரல்கள் சும்மா தந்திகளைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் டி வாசிக்கும்போது பக்கத்து ஏ தந்தி தானாகவே முனகும். வீட்டில் கேட்காது. இரண்டாயிரம் வாட்டில், 31 அடி ஹாலில், அதுதான் சேறு.

நான் அன்று திறந்த ஏ தந்தியை மீட்டி அப்படியே விட்டிருக்கிறேன். மொபைலில் எடுத்த வீடியோவைப் பார்த்தேன், பாடகர் மூச்சு விடுகிற இடத்தில்கூட என் ஸ்வரம் நிற்கவில்லை. அதே ஏ, நாலாவது தந்தியில் ஐந்தாவது கட்டத்திலும் இருக்கிறது. அங்கே வாசித்தால் விரலைத் தளர்த்தினாலே நின்றுவிடும். எவ்வளவு நேரம் ஒலிக்கிறது என்பதுதான் பேஸில் பாதி வாசிப்பு. தபலா சாரின் இடது கை 'கும்' என்று இழுக்கும்போது நான் சுருக்கமாக முடித்துக்கொள்ள வேண்டும். அவர் கீழே இழுக்க, நானும் கீழே இழுக்க, கேட்பவர்களுக்கு இரண்டும் கிடையாது. அவர் இதை எத்தனையோ முறை ஜாடையாகச் சொல்லியிருக்கிறார். "தம்பி, நீங்க வாசிக்கிறப்ப எனக்கு இடது கை வேலை இல்லாம போயிடுது." நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

இடது கை மணிக்கட்டு பற்றியும் ஒரு வார்த்தை, நம்மில் பாதிப்பேர் பகல் முழுக்க கீபோர்டு தட்டுகிறவர்கள் என்பதால். பேஸ் கிடாரின் தந்தி நீளம் பொதுவாக 34 அங்குலம். முதல் நாலு கட்டங்கள் அகலமானவை. அங்கே ஒரு கட்டத்துக்கு ஒரு விரல் என்று விரித்து வாசிக்க அடம் பிடிக்காதீர்கள். ஆள்காட்டி, நடு, சுண்டு என்று மூன்றே விரலால், மோதிர விரலைச் சுண்டு விரலுக்குத் துணையாக வைத்து, மூன்று கட்டத்தை மட்டும் பிடித்துக் கையை நகர்த்துங்கள். நின்று வாசிக்கிற பெரிய டபுள் பேஸ்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். வாரை நீளமாகத் தளர்த்தி முழங்கால்வரை தொங்கவிட்டு வாசிப்பது போஸ்டருக்கு நன்றாக இருக்கும், மணிக்கட்டு வளைந்து ஆறு மாதத்தில் வலி வரும். உட்கார்ந்தால் கிடார் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்தில் நிற்கும்போதும் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு 30 அங்குலக் கிடார் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பணம் செலவு செய்துதான் ஆக வேண்டும் என்றால், செட்டப்புக்குச் செய்யுங்கள். புனேயில் ஏப்ரலில் காற்று காய்ந்து கிடக்கும், ஜூலையில் துணி உலராது. கிடாரின் கழுத்து மரம் இரண்டுக்கும் நடுவே வளைந்து நிமிரும். உள்ளே இருக்கிற இரும்புக் கம்பியைத் தெரிந்தவரிடம் கொடுத்து வருஷத்துக்கு இரண்டு முறை சரி செய்தால், பத்தாயிரம் ரூபாய்க் கிடாரும் ஒழுங்காகப் பாடும். செய்யாவிட்டால் லட்ச ரூபாய்க் கிடாரும் கட்டத்தில் உரசும். ஆக்டிவ் கிடார் வைத்திருப்பவர்கள் வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். ஒயர் செருகியிருக்கும்வரை உள்ளே 9 வோல்ட் பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும். எனக்கு இது ஒரு கல்யாண ரிசப்ஷனில், மூன்றாவது பாட்டில், சத்தம் கரகரத்து அடங்கியபோது தெரிந்தது.

அடுத்து மேடை. இங்கேதான் என் பாவக் கணக்கு அதிகம்.

ஆம்பைத் தரையில், மேடையின் மூலையில், காலுக்குப் பின்னால் வைத்திருந்தேன். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து கீழ் நாதத்தை ஊதிவிடும். ஸ்வரத்தின் தெளிவான பகுதியோ நேராக என் முழங்காலுக்குப் போகிறது, காதுக்கு வருவதில்லை. எனக்கு நான் வாசிப்பது கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் என்ன செய்வோம்? திருகுவோம். லீட் கிடார் நண்பருக்கு அவருடையது கேட்காது, அவர் திருகுவார். ஏழாவது பாட்டில் மாமி மேடை ஏறும்போது நாங்கள் எல்லோரும் ஒரு சுற்று திருகி முடித்திருந்தோம். திருக எதுவும் இல்லாதவர் அந்த மேடையில் மாமி ஒருவர்தான். அவரிடம் இருந்தது தொண்டை மட்டும்.

பரிகாரம் அற்பமானது. ஆம்பை ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல், சுவரிலிருந்து தள்ளி, காதைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். பாதி சத்தத்தில் முழுசாகக் கேட்கும். 'பேஸ்' என்று எழுதியிருக்கிற குமிழைத் தொடாதீர்கள், வேண்டுமானால் நடு நாதத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள். ஹாலில் எந்த ஸ்வரம் வீங்குகிறது என்று கூட்டம் வருவதற்கு முன் ஒவ்வொரு கட்டமாக வாசித்து, வீட்டில் யாரையாவது பின்வரிசையில் உட்கார வைத்துக் கேளுங்கள். பத்து நிமிஷ வேலை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அறிவிப்பாளர் பேசும்போது டொம் டொம் என்று தட்டிப் பார்க்கிற வியாதி நம் பேஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் உண்டு. அதை விட்டுவிடலாம்.

இன்னொன்று, இது சிரிப்பு விஷயம் இல்லை. ப்ளக்கின் எர்த் பின். ஹம்மென்று இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் செருகுகிற வழக்கம் பந்தல்களில் சகஜம். கிடாரின் தந்தி ஆம்ப் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, மைக்கின் உலோகம் வேறொரு பெட்டி வழியாகச் சேர்ந்திருக்கிறது. ஒன்றில் எர்த் இல்லாமல் கசிவு இருந்தால், தந்தியில் கையும் மைக்கில் உதடும் படுகிற மனுஷன்தான் நடுவில் ஒயர். 1972ல் ஸ்காட்லாந்து கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் ரசிகர்கள் பார்க்கும்போதே மேடையில் இப்படித்தான் உயிர் விட்டார். இருபது, முப்பது ரூபாய் டெஸ்டரைக் கிடார் பையில் போட்டு வையுங்கள். மைக்கைத் தொடுவதற்கு முன் அதன் தலையில் வைத்துப் பாருங்கள். எங்கள் ரிதம் பேட் பையன் இதைப் பார்த்து, "அங்கிள், நீங்க எலக்ட்ரீஷியனா, பேஸிஸ்ட்டா?" என்று கேட்டான். இரண்டும்தான்டா என்றேன்.

சரி, இத்தனை தப்பையும் ஒப்புக்கொண்டபிறகு, ட்ராக்கே போட்டுவிடலாமே என்று கேட்கலாம். என் நண்பர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். ட்ராக்கில் பேஸ் அளவாக இருக்கிறது, சுருதி விலகாது, ஒத்திகை வேண்டாம், செலவு இல்லை. உண்மை. சில பாட்டுக்கு ட்ராக் தேவையும்கூட, நாற்பது வயலினுக்கு நாங்கள் எங்கே போவது?

ஆனால் ட்ராக் யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு வருஷம் முன் பொங்கலுக்கு ஒரு நாலாங்கிளாஸ் குழந்தை இரண்டாவது சரணத்தில் வரியை மறந்து விழித்தது. கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் தபலா சாரைப் பார்த்தேன், மூன்று பேரும் அந்த நாலு மாத்திரையையே சுற்றிச் சுற்றி வாசித்தோம். அம்மா கீழே இருந்து வாயசைத்தார், குழந்தை பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் பாதிப்பேருக்கு நடந்ததே தெரியாது. அதே இடத்தில் ட்ராக் ஓடியிருந்தால் பாட்டு குழந்தையை விட்டுவிட்டுப் போயிருக்கும். இங்கே பள்ளிக்கூடத்தில் இந்தியும் மராத்தியும் படித்து, தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிற பிள்ளைகள் இவர்கள். நடுவில் தடுக்கினால் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டாமா?

அப்புறம், ஆட்கள் சேர்ந்து வாசிப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்ப்பது. எங்கள் பி விங்கில் ஒன்பதாவது படிக்கிற பையன் ஒத்திகை நடக்கும்போது கதவோரம் நின்று தடித்த தந்தியையே பார்த்துக்கொண்டிருப்பான். "லீட் கத்துக்கோ, பேஸ் எதுக்கு, அதுல ட்யூனே வராதே" என்று அவன் அப்பா சொல்கிறாராம். சார், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மும்பையில் ஒரு பேஸ் வாத்தியக்காரர் வீட்டில் பிறந்த மோகினி டே, அப்பாவிடமே கற்றுக்கொண்டு, இருபது வயசுக்குள் ரஹ்மானோடு வாசித்தாயிற்று. உங்கள் பையன் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சொல்லவில்லை. அவனுக்குப் பிடித்த தந்தியை அவன் மீட்டட்டும்.

போன சனிக்கிழமை பழைய யமஹாவைத் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். புதியது? அது கட்டிலுக்கு அடியில், தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆம்பை நாற்காலியில் வைத்து, மிக்ஸி சத்தத்துக்கும் குறைவாக வைத்துக்கொண்டேன். மாமி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, காபி கொடுத்து, கடைசியில் மொபைலில் சுருதியைப் போட்டுவிட்டு அதே பாட்டை ஆரம்பித்தார். திறந்த தந்தியைத் தொடாமல், கட்டத்தில் பிடித்து, அவர் மூச்சு விடுகிற இடத்தில் நானும் விட்டு வாசித்தேன். சரணம் வந்ததும் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீ இப்ப வாசிக்கறயா என்ன?"

"வாசிச்சிண்டுதான் இருந்தேன் மாமி." (அவர் வீட்டுக்குப் போனால் எனக்கும் அந்தப் பாஷை வந்துவிடும்.)

"எங்க, நீ நிறுத்து பாப்போம்." நிறுத்தினேன். இரண்டு வரி தனியாகப் பாடினார். "ம். என்னமோ வெறிச்சுனு இருக்கே. சரி, வாசி."

பொங்கலுக்குப் பாடுகிறேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும், ஹாலில் அவரை எங்கே நிற்க வைப்போம் என்று மட்டும் கேட்டார். ஆம்புக்கு எதிர்ப்பக்கம், நடுவில், என்றேன்.

நம் குழு அன்பர்களே, வாக்கெடுப்பு அடுத்த வெள்ளிக்கிழமை என்று போட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு ஒத்திகைக்கு வந்து கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள். வரும் ஞாயிறு சாயங்காலம் நாலு மணி, எங்கள் சொசைட்டி கிளப் ஹவுஸ். எட்டு மணிக்கு முடித்துவிடுவோம், பத்து மணிச் சட்டத்துக்கெல்லாம் வேலை வராது. நண்பரே, உங்கள் அப்பாவைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். சுவரோரமே நாற்காலி போட்டு வைக்கிறேன், எங்கே இடிக்கிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும். மூன்று பின்னும் உடையாமல் இருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் யார் வீட்டிலாவது இருந்தால் எடுத்து வாருங்கள். எங்களிடம் இருந்ததை நேற்று பிரித்துப் பார்த்தேன், உள்ளே எர்த் ஒயரே இல்லை.